மண்ணெண்ணெய் விளக்கொளியில் பிறந்த மருந்து

புது தில்லி: காலா அசார் நோயை 2010-ஆம் ஆண்டுக்குள் ஒழித்துவிட வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை நிர்ணயித்தது. அந்த இலக்கு 2015 ஆகி, 2017 ஆகி, 2020-ஐயும் தாண்டி 2023-இல் வந்து நின்றது. நாடாளுமன்றத்தில் பிகார் உறுப்பினர்கள் இதுகுறித்துக் கேட்பதும், அமைச்சர் புதியதோர் ஆண்டைக் குறிப்பிடுவதும் செய்தியாளர் மாடத்தில் அமர்ந்திருப்போருக்குப் பழகிப்போன காட்சி. இந்த நோய்க்கு உலகமே நம்பத்தகுந்த மருந்தின்றித் தவித்த காலத்தில், கல்கத்தாவின் ஒரு சிற்றறையில் அதைக் கண்டறிந்தவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி.

1873-இல் பிறந்த பிரம்மச்சாரியின் தந்தை, பிகாரின் ஜமால்பூரில் கிழக்கிந்திய ரயில்வேயில் மருத்துவராகப் பணியாற்றியவர். ஹூக்ளி கல்லூரியில் கணிதம் பயின்ற மகன், கல்கத்தா மாநிலக் கல்லூரியில் 1894-இல் வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்று, அதன் பிறகே மருத்துவராகத் தேறினார். 1902-இல் எம்.டி., 1904-இல் ரத்தச் சிவப்பணுச் சிதைவு குறித்த ஆய்வுக்கு முனைவர் பட்டம். வேதியியலும் மருத்துவமும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்ததுதான் பிற்காலக் கண்டுபிடிப்புக்கு அடித்தளம்.

பட்டங்கள் இத்தனை இருந்தும், ஆட்சியாளர்கள் அவருக்கு அளித்த இடம் சிறியது. உயர் பதவிகள் ஐரோப்பியர் நிறைந்த இந்திய மருத்துவப் பணியினருக்கே உரியவையாக இருந்தன. மாகாணப் பணியில் இருந்த பிரம்மச்சாரி, டாக்காவில் சில ஆண்டுகள் கற்பித்துவிட்டு, 1905-இல் கல்கத்தாவின் கேம்பெல் மருத்துவப் பள்ளிக்கு வந்தார். அது கல்லூரி அல்ல. பட்டத்துக்குக் கீழான தகுதி வழங்கும் பள்ளி. இன்று அதுவே நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி.

காலா அசார் அப்போது அசாமையும் வங்காளத்தையும் பிகாரையும் வாட்டிக்கொண்டிருந்தது. விடாத காய்ச்சல், வீங்கிய மண்ணீரல், கருத்துப்போகும் தோல். சிகிச்சையின்றி விடப்பட்டோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மடிந்தனர். நோய்க்கிருமியை 1903-இல் லண்டனிலிருந்து லீஷ்மன் அறிவித்தார். அதே ஆண்டில் சென்னை அரசு பொது மருத்துவமனை நோயாளிகளிடம் சார்லஸ் டோனவனும் அதைக் கண்டார். கிருமிக்கு இருவரின் பெயரும் சேர்த்துச் சூட்டப்பட்டது. கிருமி தெரிந்தது, மருந்து இல்லை. 1915 முதல் ஆன்டிமனி உப்பை நரம்பில் செலுத்தும் முறை வந்தபோதிலும், அது மாதக்கணக்கில் நீண்டது; வாந்தியும் இதயப் பாதிப்பும் தொடர்ந்தன; ஏழை நோயாளிகள் பாதியிலேயே விலகினர்.

ஆர்சனிக்கைக் கரிமச் சேர்மமாக மாற்றினால் அதன் நச்சுத்தன்மை குறைவதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டியிருந்தனர். ஆன்டிமனியையும் அவ்வாறே மாற்றலாகாதா என்பது பிரம்மச்சாரியின் கேள்வி. அதற்கு விடை தேட அவருக்குக் கிடைத்தது கேம்பெல் பள்ளியின் சிறிய அறை ஒன்று. அதில் எரிவாயு இணைப்பு இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, மின்விளக்கும் இல்லை. பகல் முழுவதும் நோயாளிகளையும் மாணவர்களையும் பார்த்துவிட்டு, இரவில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் குடுவைகளோடு அமர்ந்தார். இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கத்தின் உதவித்தொகை 1919-இன் இறுதியில்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது 46. அடுத்த ஆண்டே யூரியா ஸ்டிபமைன் உருவானது. முடிவுகள் 1922-இல் வெளியாயின. மாதக்கணக்கில் நீண்ட சிகிச்சை சில வாரங்களுக்குள் அடங்கியது.

எனினும் அங்கீகாரம் எளிதில் வரவில்லை. மருந்தின் துல்லியமான வேதியியல் அமைப்பு குறித்த சர்ச்சை நீடித்தது; ஜெர்மனியின் போட்டி மருந்துகளும் சந்தைக்கு வந்தன. சர்ச்சையை ஓரங்கட்டியது அசாம் கிராமங்களின் அனுபவமே. 1923 தொடங்கிப் பத்தாண்டுகளில் அங்கு 3 லட்சத்து 28 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றதாகவும், அவர்களில் மிகப் பெரும்பாலானோர் உயிர் பிழைத்ததாகவும் மாகாணப் பொதுச் சுகாதாரத் துறை கணக்கிட்டது. குணமானவர்களின் தோலில் பின்னர் தோன்றும் புள்ளிகளும் தடிப்புகளும் அதே கிருமியின் வேலை என்பதை 1922-இல் முதலில் விவரித்தவரும் இவரே. நோயை ஒழிப்பதில் இன்றும் பெருந்தடையாக இருப்பது அத்தகையோரிடம் தங்கிவிடும் கிருமிதான்.

1934-இல் சர் பட்டம் கிடைத்தது. 1929-லும் 1942-லும் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். முதல்முறை பரிசு ஐரோப்பியர்களுக்குச் சென்றது, 1942-இல் போர்க்காலம் என்பதால் மருத்துவப் பரிசே வழங்கப்படவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி கடைசிவரை அவரை உறுப்பினராக ஏற்கவில்லை. நோபல் கிடைக்காததைப் பற்றி வங்காளத்தில் இன்றும் ஆதங்கப்படுகிறார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. தனது மருந்தைத் தயாரிக்கவும் மேற்கொண்டு ஆராயவும் 1924-இல் அவர் தம் வீட்டிலேயே ஓர் ஆய்வகம் அமைத்தார். அதற்குத் துணைநின்றது கல்கத்தாவில் அவருக்கிருந்த வருமானம் மிக்க தனிப்பட்ட மருத்துவத் தொழில். ஆராய்ச்சி என்பது ஒரு மருத்துவரின் சொந்த வசதியை நம்பியிருந்தது. அந்த வசதி இல்லாத எத்தனையோ பேரின் கேள்விகள் விடை காணாமலே போயிருக்கும்.

1946 பிப்ரவரி 6-இல் பிரம்மச்சாரி காலமானார். யூரியா ஸ்டிபமைனின் இடத்தைப் புதிய ஆன்டிமனி மருந்துகள் பிடித்தன. மலேரியாவுக்காகத் தெளித்த டி.டி.டி., காலா அசாரைப் பரப்பும் மணல் ஈக்களையும் அழித்ததால் நோய் ஏறக்குறைய மறைந்தது. தெளிப்பு நின்ற பின் 1970-களில் பிகாரில் அது மீண்டும் வெடித்தது. அடுத்த இருபதாண்டுகளில் வடக்கு பிகாரில் ஆன்டிமனிக்கே கிருமி பழகிவிட்டது. மாற்று மருந்தைத் தேட உலக நிறுவனங்கள் முன்வரவில்லை. மண் குடிசையில் வாழும் நோயாளி வாங்கும் சக்தியற்றவர் என்பதே காரணம். 1975 முதல் 1999 வரை உலகச் சந்தைக்கு வந்த 1,393 புதிய மருந்துகளில் வெப்பமண்டல நோய்களுக்கும் காசநோய்க்கும் உரியவை 16 மட்டுமே.

பின்னர் வந்தவையும் பெரும்பாலும் வேறு நோய்களுக்காக உருவானவை. 2002-இல் இந்தியாவில் அனுமதி பெற்ற மில்டிஃபோசின், புற்றுநோய்க்காக ஆராயப்பட்ட மருந்து. பழைய ஆன்டிபயாட்டிக்கான பாரோமோமைசினை, லாபநோக்கற்ற ஓர் அமைப்பு பிகாரில் சோதித்து 2006-இல் அனுமதி பெற்றுத் தந்தது. 2014 முதல் அரசுத் திட்டத்தில் ஒரே தவணையாகச் செலுத்தப்படும் ஆம்ஃபோடெரிசின் ஊசி, பூஞ்சைத் தொற்றுக்கானது. அமெரிக்க நிறுவனம் ஒன்று அதை உலக சுகாதார அமைப்பின் வழியாக நன்கொடையாக வழங்கிவந்தது. நோய் நிலவும் ஒன்றியங்கள் அனைத்திலும் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழாக நோய் குறைந்தது 2023-இல்தான். அண்டை நாடான வங்கதேசம் அதே ஆண்டில் ஒழிப்புச் சான்றிதழையே பெற்றுவிட்டது.