ஜான் ஸ்காட் ஹால்டேன்

ஜான் ஸ்காட் ஹால்டேன் (மே 2, 1860 – மார்ச் 1936) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உடலியங்கியல் அறிஞர் ஆவார். மூச்சு விடுதல், காற்றோட்டம், நச்சு வளிமங்கள் ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்காகப் பெரிதும் அறியப்படுகிறார். மூடிய இடத்தில் எரியும் தீ அங்கிருக்கும் மனிதரை எவ்வாறு கொல்கிறது என்பதை அளவிட்டுக் காட்டியவர் இவரே. நிலக்கரிச் சுரங்கங்களுக்காக இவர் கண்டறிந்தவை, இன்று குளியலறைகளில் பொருத்தப்படும் எரிவாயு வெந்நீர்க் கலன்களுக்கு (கேஸ் கீசர்) ஏன் காற்றுவழியும் புகைபோக்கியும் தேவை என்பதற்கு அடிப்படை விளக்கமாக உள்ளன.

மரபியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன் இவருடைய மகன். தந்தையையும் மகனையும் ஒருவராகக் கருதிக் குழம்புவது உண்டு. 1957இல் இந்தியாவில் குடியேறி, இந்தியக் குடியுரிமை பெற்று, 1964இல் புவனேசுவரத்தில் இறந்தவர் மகனே ஆவார்.

பிறப்பும் கல்வியும்

ஹால்டேன் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தை ராபர்ட் ஹால்டேன் ஒரு வழக்கறிஞர். தாய் மேரி பர்டன்-சாண்டர்சன். தாய்மாமன் ஜான் பர்டன்-சாண்டர்சன் ஆக்சுபோர்டில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்தவர். தமையன் ரிச்சர்டு ஹால்டேன் பிற்காலத்தில் பிரித்தானியாவின் போர்த்துறை அமைச்சராகவும் பின்னர் லார்டு சான்சலராகவும் பதவி வகித்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1884இல் மருத்துவப் பட்டம் பெற்ற ஹால்டேன், நோயாளிகளைப் பார்க்கும் தொழிலை மேற்கொள்ளாமல் ஆய்வுத்துறைக்குச் சென்றார்.

வீடுகளின் காற்று

டண்டீ நகரக் கல்லூரியில் பணியாற்றியபோது, வேதியியலாளர் தாமசு கார்னெல்லியுடன் சேர்ந்து வீடுகள், பள்ளிகள் ஆகியவற்றின் காற்றை ஹால்டேன் ஆராய்ந்தார். ஏழைகளின் ஓரறை வீடுகளில் மக்கள் உறங்கும் இரவு நேரத்திலேயே காற்று மாதிரிகள் எடுக்கப்பட்டன. பகலில் கதவு திறந்திருக்கும்போது எடுக்கும் மாதிரி உண்மை நிலையைக் காட்டாது என்பது எளிய செய்திதான். ஆயினும் நள்ளிரவில் பிறர் வீட்டுக் கதவைத் தட்ட எல்லா ஆய்வாளரும் முன்வருவதில்லை. இவ்வாய்வின் முடிவுகள் 1887இல் வெளிவந்தன. அதே ஆண்டில் அவர் ஆக்சுபோர்டு சென்றார். 1891இல் லூயிசா கேத்லீன் டிராட்டர் என்பவரை மணந்தார். எழுத்தாளர் நவோமி மிச்சிசன் இவர்களுடைய மகள்.

கார்பன் மோனாக்சைடு ஆய்வு

கரியும் எரிவாயுவும் போதிய காற்றுடன் எரிந்தால் கார்பன் டைஆக்சைடு உண்டாகும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். இதற்கு நிறமும் மணமும் இல்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்கிற்கும் மேலான பற்றுடன் இவ்வளிமத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே காற்றில் மிகச் சிறிய அளவே இருந்தாலும் குருதி அதைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

எவ்வளவு சேர்ந்தால் என்ன நிகழும் என்பதை ஹால்டேன் தம் உடலிலேயே சோதித்தார். 1895இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 0.2% கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை ஒரு மணி நேரத்திற்கும் மேலாக மூச்சிழுத்து, இடையிடையே தம் குருதியை எடுத்து அளந்த விவரங்கள் உள்ளன. அவருடைய ஹீமோகுளோபினில் ஏறத்தாழ பாதியை நச்சு வளிமம் பிடித்துக்கொண்டபோது பார்வை மங்கியது; நடை தள்ளாடியது; தெளிவாகச் சிந்திக்க இயலவில்லை. அமர்ந்திருக்கும்வரை பெரிய துன்பம் தோன்றாமல், எழுந்து நடக்க முயலும்போது கால்கள் தளர்ந்துவிடுவதே இந்நச்சின் கொடுமை. குளியலறையில் மயங்குபவர் தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வர இயலாமற் போவதும் இதனாலேயே.

மிகுந்த அழுத்தமுள்ள ஆக்சிசனில் வைக்கப்பட்ட எலி, ஹீமோகுளோபின் பயனற்றுப் போன பின்பும் உயிர் வாழ்வதையும் அவர் அதே ஆண்டில் காட்டினார். இந்நஞ்சுக்கு ஆக்சிசன் கொடுத்து மருத்துவம் செய்யும் முறைக்கு இது வழிகோலியது.

சுரங்கங்களில்

சனவரி 27, 1896 அன்று வேல்சு நாட்டின் டைலர்சுடவுன் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிப்பு ஏற்பட்டு 57 பேர் இறந்தனர். ஹால்டேன் அங்குச் சென்று உடல்களையும் குருதியையும் ஆராய்ந்தார். இறந்தோரில் பெரும்பான்மையோர் வெடிப்பின் தாக்கத்தாலன்றி, அதன்பின் பரவிய கார்பன் மோனாக்சைடால் மாண்டனர் என்பதை அவருடைய அறிக்கை நிறுவியது. வெடிப்பிலிருந்து தப்பியவர்களைக் காப்பாற்ற நேரம் இருந்தது என்பதே இதன் பொருள்.

அக்காலச் சுரங்கத் தொழிலாளர் விளக்குச் சுடரைக் கொண்டே காற்றின் தன்மையை அறிந்தனர். ஆக்சிசன் 17% அளவுக்குக் குறைந்தால் சுடர் அணையும். மனிதருக்கு அந்நிலையில் பெரிய துன்பம் இராது. ஆனால் உயிரைப் பறிக்கும் அளவுக்குக் கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றிலோ சுடர் வழக்கம்போல் எரியும். சுடர் எரிகிறது, எனவே காற்று நல்லது என்று எண்ணியது ஆபத்தாய் முடிந்தது. சுடருக்கு மாற்றாகச் சிறு விலங்குகளைக் கொண்டு செல்லுமாறு ஹால்டேன் பரிந்துரைத்தார். உடல் எடையை நோக்க அவை மிகுதியாக மூச்சு விடுவதால் மனிதருக்கு முன்பே மயங்கிவிடும். முதலில் எலிகளும் பின்னர் கேனரிப் பறவைகளும் பயன்பட்டன. பறவை தான் அமர்ந்திருக்கும் கோலிலிருந்து விழுவது எளிதில் கண்ணுக்குப் புலப்படும். பிரித்தானியச் சுரங்கங்களில் இவ்வழக்கம் 1986 வரை நீடித்தது.

மகனையும் சிறுவயதிலேயே சுரங்கத்திற்குள் அழைத்துச் சென்றார். மீத்தேன் தேங்கிய ஓரிடத்தில் அவனை நிற்கவைத்து சேக்சுபியர் நாடக வசனம் ஒன்றைச் சொல்லச் சொன்னார். சிறிது நேரத்தில் சிறுவன் கால் தளர்ந்து விழுந்தான். மீத்தேன் காற்றைவிட இலேசானது, கூரையை ஒட்டியே தங்கும். தரைக்கருகே காற்று நன்றாக இருந்ததால் அவன் தெளிந்தெழுந்தான். இக்காலப் பெற்றோர் பின்பற்றத் தக்க முறை அன்று.

எரிவாயு வெந்நீர்க் கலன்கள்

எரிவாயு வெந்நீர்க் கலனை 1868இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் உருவாக்கினார். அதற்குப் புகைபோக்கி இல்லை. அக்கால நகர எரிவாயுவிலேயே கார்பன் மோனாக்சைடு கலந்திருந்ததால் கசிவும் கொன்றது. இன்று இந்திய வீடுகளில் பயன்படும் உருளை எரிவாயுவில் (எல்பிஜி) அது இல்லை. போதிய காற்றின்றி எரியும்போதே தோன்றுகிறது. கசிவை உணர்த்த எரிவாயுவில் சேர்க்கப்படும் மணம் எரிந்துபோய்விடுமாதலால், இவ்வாபத்தை மூக்கால் அறிய இயலாது.

1 கிலோகிராம் உருளை எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 12 கன மீட்டர் காற்று வேண்டும். நிமிடத்திற்கு 6 லிட்டர் நீரை 25 பாகை செல்சியசு சூடேற்றும் கலன் 10 நிமிடங்களில் சுமார் 150 கிராம் எரிவாயுவை எரித்து, 2 கன மீட்டர் அளவு காற்றைப் பயன்படுத்திவிடும். 1.5 மீட்டர் அகலமும் 2 மீட்டர் நீளமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள குளியலறையில் இருக்கும் காற்றே 7.2 கன மீட்டர்தான். சென்னையில் தேனாம்பேட்டை, மயிலாப்பூர் போன்ற நெருக்கமான பகுதிகளின் அடுக்ககங்களில் இத்தகைய சிறு குளியலறைகள் மிகுதி. அவற்றின் சாளரமும் பெரும்பாலும் ஒடுங்கிய காற்றுக்கூண்டை நோக்கியே திறக்கும். ஒருவர் குளித்த உடனே மற்றொருவர் குளிக்கச் சென்றால், பின்னவருக்கே ஆபத்து மிகுதி.

எனவே கலனைக் குளியலறைக்கு வெளியே, திறந்த காற்றுள்ள இடத்தில் பொருத்தி, வெந்நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொண்டுவருவதே சிறந்தது. உள்ளே வைப்பதாயின் புகை வெளியேறத் தனிக் குழாயும், அடைக்க முடியாத இரு காற்றுவழிகளும் தேவை. ஒன்று கூரையருகே, மற்றொன்று தரையருகே இருத்தல் வேண்டும். உருளை எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மீத்தேனைப் போல் மேலே செல்லாமல் தரையில் தேங்கும். வெளியேற்று விசிறி ஒன்றே போதும் என்பது பரவலான தவறான கருத்து. காற்று உள்ளே வர வழியில்லாத அறையில் விசிறி ஓடினால், புகைக்குழாய் வழியே வெளியேற வேண்டிய வளிமத்தை அது திரும்ப அறைக்குள்ளேயே இழுத்துவிடக்கூடும்.

குளியலறையில் வலிப்புடன் மயங்கியவர்களுக்குக் கால்கை வலிப்பு எனத் தவறாகக் கருதி மருந்து கொடுக்கப்பட்டு, பின்னர் எரிவாயுக் கலனே காரணம் எனத் தெரியவந்த நிகழ்வுகளை இந்திய நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் குளிருக்காக மூடிய அறையில் கரியடுப்பு வைத்து உறங்கியவர்கள் இறப்பதற்கும் காரணம் இதே வளிமம்தான்.

பிற பணிகள்

நீராவி எஞ்சின்கள் ஓடிய லண்டன் நிலத்தடி ரயில் பாதைகளின் காற்றையும் 1897இல் ஹால்டேன் சோதித்தார். மூச்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது குருதியிலுள்ள கார்பன் டைஆக்சைடே என்பதை 1905இல் பிரீசுட்லியுடன் நிறுவினார். ஆழ்கடலில் மூழ்குவோர் படிப்படியாக மேலே வருவதற்கான அட்டவணைகளை ஆடுகளைக் கொண்டு சோதித்து 1908இல் வெளியிட்டார். 1911இல் அமெரிக்காவின் பைக்சு சிகரத்தில் தங்கி உயரமான இடங்களில் மூச்சு விடுதலை ஆராய்ந்தார். 1915இல் செருமானியப் படை குளோரின் வளிமத்தை ஏவியபோது பிரான்சு சென்று, நச்சு வளிமத் தடுப்பு முகமூடிகளின் தொடக்ககால உருவாக்கத்தில் பங்கேற்றார். 1912இல் டக்ளசுடன் கார்பன் மோனாக்சைடு பற்றி அவர் வெளியிட்ட கட்டுரையில் மகனும் ஓர் ஆசிரியர்.

இறுதிக் காலம்

அரச கழகத்தின் உறுப்பினராக 1897இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹால்டேனுக்கு 1916இல் அரசப் பதக்கமும் 1934இல் கோப்லி பதக்கமும் வழங்கப்பட்டன. எழுபத்தைந்து வயதிலும் ஆய்வை நிறுத்தவில்லை. எண்ணெய்த் துறைத் தொழிலாளரின் வெப்பத்தாக்கு நோயை ஆராயப் பாரசீகம், ஈராக்கு ஆகிய நாடுகளுக்குச் சென்று திரும்பினார். பின்னர் நிமோனியாக் காய்ச்சலுக்கு ஆளாகி, 1936 மார்ச் 14-15 நள்ளிரவில் ஆக்சுபோர்டில் காலமானார்.