பரிசா, படிக்கும் உரிமையா?

பட்டமும் பரிசும் பெற்றோர் பலர். பெற்றதைப் பிறர்க்காக்கியோர் சிலரே. அத்தகையவர் அமெரிக்கக் கறுப்பர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன்.

1895-இல் வாஷிங்டனில் பிறந்தார். முதல் உலகப் போரில் அதிகாரியாயிருந்தும் வெள்ளையரால் இழிவே கண்டார். சட்டம் பயின்று போராட உறுதி பூண்டார். ஹார்வர்டு சட்ட இதழின் ஆசிரியர் குழுவில் அமர்ந்த முதல் கறுப்பர் அவரே! ஷெல்டன் உதவித்தொகை அவரை மாட்ரிட் அனுப்பிற்று.

பெற்ற பெருமையைப் பெட்டியிலா பூட்டினார்? இல்லை தோழர்களே! ஹோவர்டு சட்டக் கல்லூரியிலே தர்குட் மார்ஷல் போன்ற தளபதிகளை உருவாக்கினார்.

லாயிடு கெயின்ஸ் என்ற கறுப்பு மாணவருக்கு மிசௌரி மாநிலம் சட்டக் கல்லூரிக் கதவைச் சாத்திற்று. வெளி மாநிலத்தில் படிக்கப் பணம் தருவதாகச் சொல்லிற்று. உதவித்தொகையா அது? ஊரைவிட்டு விரட்டும் கூலி! ஹூஸ்டன் உச்சநீதிமன்றத்திலே வாதாடி 1938-இல் வென்றார். 1950-இல் மறைந்தார், 1954-இல் பள்ளிகளிலிருந்த நிறப்பிரிவினையை மாணவர் மார்ஷல் வீழ்த்தினார்.

தகுதிக்குத் தரும் பரிசை நாம் வரவேற்போம். உரிமைக்கு ஈடாக நீட்டும் பணத்தை மறுப்போம்!