பெரியம்மையை வென்ற ஊர் மருத்துவர் எட்வர்டு ஜென்னர்



நம் மஹல்லாவின் மூத்தவர்கள் பலருடைய கையில் அம்மை குத்திய தழும்பு இருப்பதை நாம் காண்கிறோம். இன்றைய பிள்ளைகளுக்கு அம்மை குத்தப்படுவதில்லை. அதற்கான தேவையே இல்லாமற் போயிற்று. இந்தப் பெரும் நன்மைக்கு வித்திட்டவர் ஒரு சிற்றூர் மருத்துவர் ஆவார்.

எட்வர்டு ஜென்னர் 1749 மே 17 அன்று இங்கிலாந்தின் பெர்க்லி என்னும் சிற்றூரில் பிறந்தார். ஐந்து வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்த அவரை மூத்த சகோதரர் வளர்த்தார். இளம் வயதில் ஒரு மருத்துவரிடம் தொழில் பயின்ற பின், லண்டன் சென்று ஜான் ஹண்டர் எனும் புகழ்மிக்க ஆசிரியரிடம் கற்றார். தலைநகரில் தங்கிப் பொருளீட்டும் வாய்ப்பிருந்தும், சொந்த ஊருக்கே திரும்பி, குதிரையேறிச் சுற்றுவட்டாரக் குடும்பங்களுக்கு மருத்துவம் பார்த்து வந்தார்.

அக்காலத்தில் பெரியம்மை கண்டவர்களில் பத்துப் பேருக்கு மூவர் வரை மாண்டனர். பிழைத்தவர்களிலும் பலர் பார்வையை இழந்தனர். நோயாளியின் கொப்புள நீரைச் சிறிதளவு எடுத்து, நலமாயிருப்பவரின் தோலில் கீறி ஏற்றும் பழக்கம் மட்டுமே தற்காப்பாக இருந்தது. உஸ்மானியத் தலைநகரில் வழக்கிலிருந்த இம்முறையை, ஆங்கிலத் தூதரின் மனைவியான மேரி மாண்டேகு 1721-இல் இங்கிலாந்தில் அறிமுகப்படுத்தினார். பலரை இது காத்ததெனினும், சிலர் இதனாலேயே இறந்தனர். சிறுவயதில் ஜென்னரும் இதற்கு உட்பட்டு மிகுந்த துன்பம் அடைந்தவரே.

மாட்டம்மை வந்தவர்களைப் பெரியம்மை அண்டாது என்பது அவ்வட்டாரப் பால்காரப் பெண்களின் அனுபவம். ஜெஸ்டி என்ற விவசாயி 1774-இலேயே தம் குடும்பத்தாருக்கு மாட்டம்மையை ஏற்றியிருந்தார். கற்றவர்கள் பலரும் புறந்தள்ளிய இப்பேச்சை ஜென்னர் செவிமடுத்து, பல்லாண்டுகள் ஆராய்ந்தார்.

1796 மே 14 அன்று, சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கைக் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து, ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனுக்கு ஏற்றினார். ஜூலை மாதத்தில் அவனுக்குப் பெரியம்மை நீரையே ஏற்றியபோதும் நோய் வரவில்லை. ஏழைச் சிறுவன் ஒருவனை இவ்வாறு சோதனைக்கு உட்படுத்த இன்றைய மருத்துவ நெறி இடந்தராது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் ஜென்னர் அந்த ஃபிப்ஸுக்கு வாடகையின்றி வசிக்க வீடு ஒன்றை அளித்தார்.

அவரது ஆய்வை ராயல் சொசைட்டி ஏற்கவில்லை. ஆகவே 1798-இல் தம் சொந்தச் செலவில் அதை நூலாக வெளியிட்டார். ஏளனமும் வதந்தியும் எழுந்தன. ஊசி போட்டவர்களின் உடலில் மாடு முளைப்பதாகக் கேலிச்சித்திரமும் வரைந்தனர். அவரோ தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோராமல், கேட்டவர்க்கெல்லாம் மருந்தை அனுப்பி வைத்தார். தம் தோட்டத்துச் சிறு குடிலில் ஏழைகளுக்கு இலவசமாக அம்மை குத்தினார். இப்பணியில் தம் தொழில் வருமானத்தையும் இழந்தார். பின்னர் நாடாளுமன்றம் 1802-இல் 10,000 பவுனும், 1807-இல் 20,000 பவுனும் வழங்கியது.

அம்மருந்து பாக்தாத், பஸ்ரா வழியாகப் பம்பாயை அடைந்தது. 1802 ஜூன் 14 அன்று அங்கே மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு இந்தியாவின் முதல் அம்மை குத்தல் நிகழ்ந்தது.

உலகைக் காத்த அவரால் தம் குடும்பத்தைக் காசநோயிலிருந்து காக்க இயலவில்லை. மூத்த மகனை 1810-இலும் மனைவியை 1815-இலும் அந்நோய்க்குப் பறிகொடுத்தார். 1823 ஜனவரி 26 அன்று பெர்க்லியிலேயே காலமானார். இந்தியாவில் பெரியம்மை 1975-இல் ஒழிந்தது. இயற்கையாக அந்நோய் கண்ட கடைசி மனிதர், 1977-இல் சோமாலியாவின் அலீ மாவ் மாலின் என்பவராவார், அவரும் பிழைத்துக்கொண்டார். 1980-இல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

மருத்துவம் பயிலும் நம் ஜமாஅத்துப் பிள்ளைகள் பிறந்த ஊரையும், அங்குள்ள ஏழைகளையும் மறவாதிருக்க வேண்டும். பெற்றோர்களாகிய நாமும் வதந்திகளுக்குச் செவிசாய்த்து, குழந்தைகளுக்குரிய தடுப்பூசியைத் தவறவிடலாகாது. மூத்தவர்களின் கையிலுள்ள தழும்பு நமக்கு நினைவூட்டுவது இதனையே ஆகும்.