மஹலநோபிஸ் வரலாறு

சமூக நூல்கள் பயிலும் மாணவர்கள் புள்ளிவிபர சாஸ்திரம் என்ற பெயர் கேட்டவுடன் முகஞ் சுளிப்பதை நாம் அறிவோம். கணக்கிற்கு அஞ்சியன்றோ சரித்திரமும் பொருளாதாரமும் எடுத்தோம், இங்கும் அது துரத்தி வந்ததே என்பது அவர்கள் குறை. அவர்கள்பொருட்டே, இச்சாஸ்திரத்தை நம் நாட்டில் நிலைநாட்டிய பிரசாந்த சந்திர மஹலநோபிஸ் என்னும் பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சிறிது கூறப் புகுந்தோம்.

அன்னார் 1893-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் கல்கத்தாவில் பிரம்ம சமாஜக் குடும்பமொன்றில் தோன்றினார். பிரஸிடென்ஸி கலாசாலையில் பௌதிகம் கற்று, 1913-இல் சீமை சென்று, கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கலாசாலையிற் சேர்ந்தார். அங்கே நம் இராமாநுஜன் அவருக்கு நண்பரானார். குளிர் தாங்காது மேலங்கியும் சால்வையுமாகக் கட்டிலில் கிடந்து வருந்திய அக்கணித மேதைக்கு, மேல்விரிப்பின் அடியிலே கம்பளிகள் இருப்பதைக் காட்டி, அவற்றினுள் நுழைந்து உறங்கும் முறையைக் கற்பித்தவர் இவரே.

1915-இல் தாயகம் திரும்புங்கால், ஆசிரியரொருவர் காட்டிய பயோமெட்ரிகா என்னும் சஞ்சிகையின் தொகுதிகளை வாங்கிக் கப்பலிலேயே படிக்கலானார். பௌதிக ஆசிரியராய் அமர்ந்தபோதிலும் மனம் அத்துறையிலேயே சென்றது. ஒரிஸாவில் பிராமணி நதி 1926-இல் பெருக்கெடுத்தபொழுது, படுகை மேடிட்டதென்றும் கரையை உயர்த்த வேண்டுமென்றும் எஞ்சினீயர்கள் கூறினர். இவரோ பல்லாண்டுக் கணக்குகளை ஆராய்ந்து, படுகை உயரவில்லை என நிறுவினார். 1931-இல் இந்தியப் புள்ளிவிபரக் கழகத்தை நிறுவினார்.

இவரது பணியை விளங்கிக்கொள்ள நம் திருவள்ளூர் ஜில்லாவையே நோக்குவோம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் நால்வர் திங்களுக்கு 15,000 ரூபாயும், மேலாளர் 1,40,000 ரூபாயும் பெறுவதாகக் கொள்வோம். சராசரி 40,000 ரூபாய். அத்தொகையைப் பெறுவோர் ஒருவருமில்லை! வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால் 15,000 என்பார். தொழிலாளர் நிலையை உரைப்பது இவ்விடைநிலையே. இனி, பேட்டை முழுவதையும் அறிய வேண்டின், காலையில் ஓர் ஆலையின் வாயிலில் நின்று எதிர்ப்பட்டோரை வினவுதல் போதாது. இரவு முறைக்கு வருவோரும், ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் வெளிமாநிலத்தாரும் விடுபடுவர். எல்லார் பெயரும் சீட்டில் ஏறி, குலுக்கி எடுக்கப்படல் வேண்டும்.

வங்காளத்துச் சணல் விளைவை அளக்க மஹலநோபிஸ் இதனையே செய்தார். நிலப்படத்தில் குலுக்கல் முறையாற் புள்ளிகளைக் குறித்து, அச்சிறு பகுதிகளை மட்டும் அளப்பித்தார். 1941-இல் மாதிரி ஆய்வு ஏறக்குறைய 75 லட்சம் பேல் என்றது. வயல் வயலாக எடுத்த கணக்கு 63 லட்சமே காட்டிற்று. பின்னர் வணிகக் கணக்கு வந்தபொழுது, அது மாதிரி ஆய்வோடு நூற்றுக்கு ஒன்றுகூட வேறுபடவில்லை. ஆட்கள் பெருகப் பெருக மேற்பார்வை தளர்ந்து பிழை மிகும் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். ஆதலின் ஒரே வட்டாரத்திற்கு இரு மாதிரிகள் எடுத்து, இரு குழுவினரைத் தனித்தனியே அனுப்புவார். இருவர் விடையும் எவ்வளவு விலகுகிறதோ, அதுவே பிழைக்கு அளவுகோல். மிக்க எளிய இவ்வுபாயத்தையே நாம் அவரது பணிகளுள் தலையாயதாக மதிக்கிறோம்.

1943-ஆம் ஆண்டின் கொடிய பஞ்சத்திற்குப்பின், இம்முறையே கிராமங்களுக்குச் சென்றது. நெல்வயல் உடைய குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று, ஓராண்டினுள் நிலத்தை விற்றோ அடகு வைத்தோ இழந்தமை அப்பொழுது வெளிப்பட்டது. இறந்தோரைப் பற்றிய வாதங்களுக்கிடையே, பிழைத்தோர் இழந்தது இன்னதென்று எண்ணிச் சொல்ல அவ்வாய்வு இல்லாதிருந்தால் வேறு வழியில்லை.

1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. குடும்பங்களின் செலவும் தொழிலும் அதனால் இன்றளவும் கணிக்கப்படுகின்றன. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திலும் அவர் கை உண்டு. அது பற்றி அறிஞரிடை வேறுபாடு மிகுதி. 1972-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள், எழுபத்தொன்பது நிறைய ஒரு நாளே எஞ்சியிருக்க, அவர் காலமானார். அவர் பிறந்த ஜூன் 29-ஆம் நாள், 2007 முதல் நாடெங்கும் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.