ஸர் ஆர்தர் காட்டனும் கால்வாய்க் கடனும்

அந்நிய ஆட்சியின் உத்தியோகஸ்தர்களில் நமது ஜனங்களின் நன்றிக்கு உரியவர்கள் மிகச் சிலரே. அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் ஸர் ஆர்தர் காட்டன். அவர் கட்டிய அணைகளை அறிந்தவர் பலர். அவற்றுக்கும், அவர் பெயரால் எழுந்த கால்வாய்களுக்கும் பணம் எங்கிருந்து வந்தது, நஷ்டம் யார் தலையில் விழுந்தது என்பதை ஆராய்ந்தவர் சிலரே. தேச ஊழியர்கள் அறியவேண்டிய பகுதி அதுவே.

1803ல் இங்கிலாந்தில் பிறந்த காட்டன், 1821ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை எஞ்ஜினீயர் படையைச் சேர்ந்தவராக இங்கு வந்தார். ஏரி மராமத்து இலாகாவின் ஊழியம் அவரைத் தென் ஜில்லாக்களுக்குக் கொண்டுசென்றது. அக்காலத்தில் காவேரியின் வெள்ளம் பெரும்பாலும் கொள்ளிடத்திலேயே இறங்கிவிட, தஞ்சைக்குச் செல்லும் கிளை மணல் மேவித் தூர்ந்துவந்தது. 1836ல் அவர் முக்கொம்பில் மேலணையையும், அணைக்கரையில் கீழணையையும் நிர்மாணித்துத் தஞ்சையின் வயல்களைக் காத்தார். ஆற்றுமணலின்மீது அணையை நிலைநிறுத்தும் வித்தையை அவர் சீமையில் கற்கவில்லை; நம் முன்னோர் எழுப்பிய கல்லணையிடமே கற்றார். மேலணையோ ஏறக்குறைய 180 ஆண்டுகள் ஊழியம் செய்தபின், 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்தது.

பின்னர் அவர் கோதாவரிக்குச் சென்றார். பஞ்சத்தால் நலிந்து, ஜனத்தொகை குன்றிக் கிடந்த அப்பிரதேசத்தில், 1847 முதல் 1852 வரை தவளேசுவரம் அணை எழுந்தது. அவருக்கு வலக்கையாய் நின்றவர் வீணம் வீரண்ணா என்னும் நம் நாட்டவர். இவ்வேலைகளுக்குச் சர்க்கார் தன் கஜானாவிலிருந்து நேரே பணம் கொடுத்தது. கொடுக்க மனமின்றியே கொடுத்தது. ஆயினும் நீர் பாய்ந்த நிலத்தின் வரியிலிருந்து முதலும் லாபமும் திரும்பி வந்தன. குடியானவனும் பிழைத்தான், கஜானாவும் நிறைந்தது.

இதற்கு நேர்மாறாக நடந்தது ரயில் பாதை வியாபாரம். சீமைக் கம்பெனிகளின் மூலதனத்துக்கு நூற்றுக்கு 5 வீதம் வட்டியை இந்திய வருமானத்திலிருந்து கொடுப்பதாகச் சர்க்கார் ஜாமீன் நின்றது. ரயிலைவிடக் கால்வாயே இத்தேசத்துக்கு முதன்மையானது என்று காட்டன் ஓயாது வாதாடினார். அந்த ஆர்வத்தில் அவரும் அதே ஜாமீன் முறைக்குள் புகுந்ததுதான் அவர் வாழ்வின் துயரம்.

துங்கபத்திரையிலிருந்து வெட்டுவதற்கென 1858ல் சென்னை நீர்ப்பாசனக் கம்பெனி லண்டனில் தோன்றியது. 10 லட்சம் பவுன் மூலதனத்துக்கு 5 வீத வட்டி நிச்சயிக்கப்பட்டது. திட்டம் மிகப் பெரியது. முடிந்ததோ சுங்கேசுலாவிலிருந்து கர்னூல் வழியாகக் கடப்பை வரை சுமார் 190 மைல் கால்வாய் மட்டுமே. மதிப்பிட்ட பணம் போதவில்லை. மேலும் கடன் வாங்க நேர்ந்தது. கரிசல் நிலத்துக் குடியானவர்கள், மழையை நம்பி விளையும் பயிரை விட்டு, விலை கொடுத்து நீர் வாங்க முன்வரவில்லை. கால்வாய் பலன் தந்தாலும் தராவிட்டாலும் பங்குதாரருக்கு வட்டி தவறவில்லை. ஆகவே கணக்குப் பிழைத்ததன் பாரம் கணக்குப் போட்டவரைச் சேராமல், வரி கொடுத்த நம்மைச் சேர்ந்தது. 1882ல் சர்க்காரே கால்வாயை விலைக்கு வாங்கியது.

அமெரிக்காவின் ஈரி கால்வாயை இதனுடன் ஒப்பிடுவோம். மத்திய ராஜாங்கம் உதவ மறுக்கவே, நியூயார்க் ராஜ்யம் தன் சொந்தப் பொறுப்பில் கடன் பத்திரம் வெளியிட்டு, 1817 முதல் 1825க்குள் 363 மைல் கால்வாயை வெட்டி முடித்தது. படகுச் சுங்கத்தைக்கொண்டே கடன் தீர்ந்தது. நம் சர்க்கார் நஷ்டத்தை விலைக்கு வாங்கிய அதே 1882ல், அங்கே சுங்கத்தையே நீக்கிவிட ஜனங்கள் தீர்மானித்தனர். அங்கே துணிந்தவரும், கடன்பட்டவரும், பலன் பெற்றவரும் ஒரே ஜனங்கள். இங்கே தீர்மானித்தவர் லண்டனில், கொடுத்தவர் கடப்பையில்.

1878ல் பார்லிமெண்டு கமிட்டியின் முன் முதுமையிலும் தளராது காட்டன் சாட்சியம் அளித்தார். 1899ல் காலமானார். ரொமேஷ் சந்திர தத்தர் போன்ற நம் தேசியப் பொருளாதார அறிஞர்கள் அவர் வாதத்தை ஆயுதமாக ஏந்தினர். தவளேசுவரத்தில் பழைய அணைக்குப் பதிலாக எழுந்த புதிய அணையும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இன்று சுயராஜ்யம் நம்முடையது. கேள்வி மட்டும் பழையது. ஒரு காலத்தில் ஏரிகளையே நம்பி வாழ்ந்த ஸ்ரீபெரும்பூதூர், ஒரகடம் பிரதேசத்தில் மோட்டார் தொழிற்சாலைகள் நிறைந்துவிட்டன. வேலை வேண்டும், தொழில் வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆயினும் கம்பெனிகளுக்கு நிலமும் வரிச் சலுகையும் அளிக்கையில், கணக்குப் பிழைத்தால் பாரம் யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். பாலாற்று நீரை ஸ்ரீபெரும்பூதூர் ஏரிக்குக் கொண்டுவரும் கம்பன் கால்வாய்க்கு ஜாமீன் நிற்க எந்தக் கம்பெனியும் வராது; அதைத் தூர்ந்துபோகாமல் காப்பது சர்க்காரின் கடமை. காட்டனுக்குச் சிலை வைப்பது எளிது. அவர் வெற்றியையும் தோல்வியையும் ஒருங்கே கற்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.