எட்வேர்ட் மரோ: அச்சத்துக்கும் ஆதாயத்துக்கும் இடையில் ஒலித்த குரல்

அமெரிக்க ஊடகங்கள் அதிகாரத்துக்கு அடிபணிந்துவிட்டனவா என்ற கேள்வி எழும் போதெல்லாம் அந்நாட்டவர் தவறாது நினைவுகூரும் பெயர் எட்வேர்ட் ஆர். மரோ என்பதாகும். அவர் மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. எனினும், அவரது வாழ்க்கையை ஒரு வீர வரலாறாக மாத்திரம் கூறிவிட்டு அப்பால் செல்வது அவருக்கு நியாயம் செய்வதாகாது. அவர் எதனைச் சாதித்தார் என்பதைப் போன்றே எதன் முன்னால் தோற்றுப்போனார் என்பதும் நோக்கப்பட வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.

மரோ 1908 ஆம் ஆண்டு ஏப்ரல் 25 ஆம் திகதி வட கரோலினா மாநிலத்தில் குவேக்கர் கிறிஸ்தவப் பிரிவைச் சார்ந்த எளிய விவசாயக் குடும்பமொன்றில் பிறந்தார். அவர் சிறுவனாக இருந்தபோதே அக்குடும்பம் நாட்டின் மறுகோடியிலுள்ள வொஷிங்டன் மாநிலத்தில் குடியேறியது. காடுகளில் மரம் வெட்டும் முகாம்களில் வேலை செய்த அந்த இளைஞர், வொஷிங்டன் மாநிலக் கல்லூரியில் பேச்சுக்கலையைப் பயின்று 1930 இல் பட்டம் பெற்றார். பெரும் பொருளாதார மந்தம் அமெரிக்காவைப் பீடித்திருந்த காலம் அது. 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததைத் தொடர்ந்து, ஜேர்மனியப் பல்கலைக்கழகங்களிலிருந்து விரட்டப்பட்ட அறிஞர்களுக்கு அமெரிக்காவில் இடந்தேடிக் கொடுப்பதற்காக அமைக்கப்பட்ட குழுவின் உதவிச் செயலாளராக அவர் பணியாற்றினார். பிறப்பின் பேராலும் கருத்தின் பேராலும் மனிதர்கள் வேட்டையாடப்படுவதை அவர் முதலில் கண்டறிந்தது அங்கேதான்.

1935 இல் சி.பி.எஸ். வானொலியில் இணைந்த மரோ, 1937 இல் இலண்டனுக்கு அனுப்பப்பட்டார். 1938 மார்ச் மாதம் ஹிட்லரின் படைகள் ஒஸ்திரியாவுக்குள் நுழைந்தபோது வியன்னாவிலிருந்து செய்தி அளித்தார். 1940 இல் ஜேர்மனிய விமானங்கள் இலண்டன் மீது குண்டு பொழிந்த இரவுகளில், கட்டடக் கூரைகளின் மீது நின்று அவர் ஆற்றிய வர்ணனைகள் அமெரிக்கர்களின் வீடுகளுக்குள் யுத்தத்தைக் கொண்டு சேர்த்தன. 1945 ஏப்ரல் மாதம் புக்கன்வால்ட் வதைமுகாமுக்குச் சென்று, தாம் கண்டவற்றை மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் உலகுக்கு எடுத்துரைத்தார். யுத்தம் முடிவடைந்தபோது, அமெரிக்க மக்கள் பெரிதும் நம்பிய செய்தியாளர்களுள் அவரும் ஒருவராக விளங்கினார்.

அந்த நம்பிக்கைக்கான சோதனை அவரது சொந்த நாட்டிலேயே காத்திருந்தது. 1950 பெப்ரவரியில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி, இராஜாங்கத் திணைக்களத்தில் கம்யூனிஸ்டுகள் ஊடுருவியிருப்பதாகக் குற்றஞ்சாட்டினார். அவர் கூறிய எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறியது. ஆதாரம் எதுவும் முன்வைக்கப்படவில்லை. ஆயினும், பெரும்பாலான பத்திரிகைகள் குற்றச்சாட்டைத் தலைப்புச் செய்தியாகவும் மறுப்பைப் பின்பக்கத்து மூலையிலும் பிரசுரித்தன. ஒரு செனட்டர் இவ்வாறு கூறினார் என்பது உண்மைதானே, அதனை அவ்வாறே வெளியிடுவதுதானே நடுநிலை என்பது அவற்றின் நியாயமாக இருந்தது. பொய்யைப் பரிசோதிக்காமல் காவிச் செல்வதற்கு நடுநிலை என்ற சொல் திரையாகப் பயன்பட்டது. 1950 டிசம்பரில் சி.பி.எஸ். நிறுவனமே தனது ஊழியர்களிடம் விசுவாசப் பிரகடனங்களைக் கோரியது. மரோவும் அதில் கையொப்பமிட்டார் என்பதை இங்கு மறைப்பதற்கில்லை.

1953 ஒக்டோபரில், தமது நண்பரும் தயாரிப்பாளருமான பிரெட் பிரெண்ட்லியுடன் இணைந்து, மைலோ ரடுலோவிச் என்ற விமானப்படை அதிகாரியின் விவகாரத்தை மரோ தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார். அந்த அதிகாரியின் மீது எந்தக் குற்றமும் சுமத்தப்படவில்லை. அவரது தந்தையும் சகோதரியும் இடதுசாரி அனுதாபிகள் என்று கூறப்பட்டதே அவரைப் பதவி நீக்க முற்பட்டமைக்குக் காரணமாகும். சாட்சியங்களைப் பார்ப்பதற்கும் அவருக்கு அனுமதி வழங்கப்படவில்லை. நிகழ்ச்சி ஒளிபரப்பாகி ஐந்து வாரங்களில் விமானப்படை தனது முடிவை மாற்றிக்கொண்டது.

அடுத்து, 1954 மார்ச் 9 ஆம் திகதி மெக்கார்த்தியைப் பற்றிய அரைமணி நேர நிகழ்ச்சி ஒளிபரப்பானது. செனட்டரின் சொந்தப் பேச்சுக்களையும் விசாரணைக் காட்சிகளையுமே மரோ பெருமளவில் பயன்படுத்தினார். அவருக்கு எதிரான சாட்சியாக அவரையே நிறுத்தினார். அந்நிகழ்ச்சிக்கு விளம்பரம் செய்ய நிறுவனம் முன்வராத நிலையில், மரோவும் பிரெண்ட்லியும் தமது சொந்தப் பணத்தைச் செலவிட்டு நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் விளம்பரம் வெளியிட்டனர். ஏப்ரல் 6 ஆம் திகதி மெக்கார்த்திக்குப் பதிலளிக்க நேரம் ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் செனட் சபை 67 இற்கு 22 என்ற வாக்குகளால் அவரைக் கண்டித்தது.

மெக்கார்த்தியை வீழ்த்தியவர் மரோ என்று கூறுவது மிகைப்படுத்தலாகும். அவருக்கு முன்னரே பத்தி எழுத்தாளர்களும் கேலிச்சித்திரக்காரர்களும் குரல் எழுப்பியிருந்தனர். இராணுவத்துடன் செனட்டர் மோதிக்கொண்டதும் அவரது வீழ்ச்சியை விரைவுபடுத்தியது. நான்கு ஆண்டுகளாக அச்சம் ஆட்சி செய்த பின்னரே தொலைக்காட்சி விழித்துக்கொண்டது. அந்தத் தாமதத்துக்கிடையில் வேலையையும் நற்பெயரையும் இழந்தவர்கள் பலராவர்.

அரசியல் அச்சத்தை எதிர்கொண்டவரை இறுதியில் பணிய வைத்தது வர்த்தகமே. 1955 இல் அல்கோவா அலுமினியக் கம்பனி அவரது நிகழ்ச்சிக்கான அனுசரணையை விலக்கிக்கொண்டது. அதே ஆண்டில் அறிமுகமான பெரும் பரிசு வினாவிடைப் போட்டிகள் கோடிக்கணக்கான பார்வையாளர்களைக் கவர்ந்தன. நிமிடத்துக்கு இவ்வளவு டொலர் எனக் கணக்கிடப்பட்ட தொலைக்காட்சியில் சிந்திக்கத் தூண்டும் அரைமணி நேரம் நட்டமாகவே தெரிந்தது. 1958 இல் அவரது நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் சிகாகோ நகரில் ஒலி, ஒளிபரப்புத்துறையினர் மத்தியில் உரையாற்றிய மரோ, கேளிக்கையிலும் இலாபத்திலும் மூழ்கி நாட்டின் மெய்நிலையை மக்களிடமிருந்து மறைப்பதாகத் தமது துறையினரை அவர்களது முகத்துக்கு நேரே சாடினார். அப்போட்டிகளிற் சில முன்கூட்டியே விடை சொல்லிக் கொடுத்து நடத்தப்பட்ட மோசடிகள் என்பது 1959 இல் அம்பலமானது.

1960 நவம்பரில், அமெரிக்கர் விருந்துண்டு மகிழும் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு மறுநாள், அந்த விருந்துக்கான காய்கனிகளைப் பறிக்கும் நாடோடித் தொழிலாளரின் வறுமையை மரோ காட்டினார். வளம் கொழிக்கும் நாட்டில் உழைப்பவன் பட்டினி கிடப்பதன் வெட்கத்தை அந்த ஆவணப்படம் பேசியது. ஆனால், 1961 இல் ஜனாதிபதி கென்னடியின் அழைப்பை ஏற்று அரசாங்கத்தின் வெளிநாட்டுப் பிரசார நிறுவனத்துக்குத் தலைமை தாங்கச் சென்ற அவர், அதே படத்தை ஒளிபரப்ப வேண்டாமென பி.பி.சி.யிடம் கேட்டுக்கொண்டார். பி.பி.சி. அதற்கு இணங்கவில்லை. உண்மையை வெளிக்கொணர்வதற்காகவே வாழ்ந்த ஒருவர் அரசாங்க ஆசனத்தில் அமர்ந்தவுடன் தமது உண்மைக்கே திரையிட முயன்றமை அவரது வாழ்வின் மிகக் கசப்பான பாடமாகும். செய்தியாளரின் இடம் அதிகாரத்துக்கு வெளியிலேயே உள்ளது என்பதை அது உணர்த்துகின்றது.

இடைவிடாது புகைபிடித்துவந்த மரோ நுரையீரல் புற்றுநோயினால் பாதிக்கப்பட்டு 1964 இல் பதவி விலகினார். 1965 ஏப்ரல் 27 ஆம் திகதி, 57 ஆவது பிறந்த தினத்துக்கு இரண்டு நாட்களின் பின்னர் காலமானார்.

அவர் பணியாற்றிய சி.பி.எஸ். நிறுவனத்தின் உரிமையாளரான பாரமவுண்ட், ஜனாதிபதி ட்ரம்ப் தொடுத்த வழக்கைத் தீர்த்துக்கொள்வதற்காக 2025 ஜூலையில் 16 மில்லியன் டொலர் செலுத்த இணங்கியது. அவ்வேளையில் அந்நிறுவனத்தின் இணைப்பு முயற்சிக்கு அரசாங்க ஆணைக்குழுவின் அங்கீகாரம் தேவைப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. மரோவின் காலத்தில் தனித்தனியாக வந்த அரசியல் அழுத்தமும் வர்த்தக நலனும் இங்கு ஒன்றாகக் கைகோர்த்து வந்துள்ளன. செய்தியாளர் ஒருவரின் துணிவு, அவரை வேலைக்கு அமர்த்தியவரின் துணிவு முடியும் இடத்தில் தடைப்பட்டு விடுகின்றது. மரோவைப் போற்றி விருதுகளை வழங்குவோர் முதலில் இந்த உண்மைக்கு முகங்கொடுக்க வேண்டும்.