தந்தையின் பாட்டைச் சுமக்கும் மகன்: இசைமணி சீர்காழி கோவிந்தராஜனின் வாழ்வும் வாரிசும்

தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி பாலதண்டாயுதபாணியைத் தரிசிக்கும் பக்தர்களுக்கு, முருகன் பாட்டு என்றதும் நினைவுக்கு வரும் ஆண்குரல்கள் இரண்டு. ஒன்று டி.எம்.சௌந்தரராஜனுடையது. மற்றொன்று இசைமணி சீர்காழி கோவிந்தராஜனுடையது.

தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டினால் முதலில் விநாயகர் பாட்டு ஒலிக்க வேண்டும். அந்தப் பாட்டு பெரும்பாலும் சீர்காழியாரின் வெண்கலக் குரலில்தான் வரும். லயத்துக் கடைசி வீடு வரைக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். துக்க வீட்டிலும் அவர் இருப்பார். கே.பாலசந்தர் இயக்கிய முதல் படமான நீர்க்குமிழியில் (1965) கவிஞர் சுரதா எழுத, வி.குமார் இசையமைத்த வாழ்க்கை நிலையாமைப் பாடலை அவர் குரலில் கேட்காமல் வளர்ந்த தமிழர்கள் குறைவு.

அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றைய பிள்ளைகளுக்குக் குரல் தெரிகிறது, பெயர் தெரிவதில்லை. இந்த நிலையில், அவருடைய பாடல்களை மேடை மேடையாகப் பாடியும் பதிவு செய்தும் காத்து வருபவர் அவருடைய மகன், மருத்துவர் சீர்காழி கோ.சிவசிதம்பரம். அப்பா, மகன் இருவரின் கதையையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

பாடும் பிள்ளை பிறந்த ஊர்

சீர்காழி தமிழிசைக்குப் பெயர் போன மண். மூன்று வயதுக் குழந்தையான திருஞானசம்பந்தர் கோயில் குளக்கரையில் உமையம்மையிடம் ஞானப்பால் உண்டு, தந்தையின் எதிரில் நின்று தேவாரம் பாடியது அங்கேதான் என்பது வரலாறு. தமிழிசை மூவர் எனப் போற்றப்படும் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோரும் அந்த வட்டாரத்தோடு தொடர்புடையவர்களே.

அந்த ஊரில் 1933ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள், சிவசிதம்பரம் - அவையாம்பாள் தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார் கோவிந்தராஜன். சம்பந்தருக்கு ஆண்டுதோறும் அங்கே எடுக்கப்படும் திருமுலைப்பால் திருவிழாவில் எட்டு வயதிலேயே பாடத் தொடங்கினார். பின்னர் நாடகக் கம்பெனியில் சேர்ந்து நடிப்பும் பாட்டும் பழகினார். மாடர்ன் தியேட்டர்ஸ், ஜெமினி போன்ற நிறுவனங்களின் படங்களில் சிறு வேடங்களும் கிடைத்தன. ஆனால் அவர் மனம் பாட்டிலேயே இருந்தது.

தமிழிசைக் கல்லூரி மாணவர்

அந்தக் காலத்தில் கச்சேரி மேடைகளில் தெலுங்கு, சமஸ்கிருதக் கீர்த்தனைகளே கோலோச்சின. தமிழ்ப் பாட்டுக்குக் கச்சேரியின் கடைசியில் துக்கடா என்ற இடம்தான். இந்த நிலையை மாற்ற எழுந்ததே தமிழிசை இயக்கம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தொடங்கப்பட்டது.

பினாங்குத் தமிழர்களுக்கு இதில் ஒரு நெருக்கம் உண்டு. கடல் கடந்து வந்து, தண்ணீர்மலையில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பி, வெள்ளி ரதம் ஓடச் செய்த நகரத்தார் சமூகத்தைச் சேர்ந்தவரே அண்ணாமலைச் செட்டியார். முருகனுக்கு இங்கே தேர் இழுத்த சமூகத்திலிருந்துதான் தமிழ்ப் பாட்டுக்கு அங்கே மேடை போட்டவரும் வந்தார்.

அந்தச் சங்கத்தின் கல்லூரியில் படித்து 1949இல் இசைமணிப் பட்டம் பெற்றார் கோவிந்தராஜன். அன்று முதல் அந்தப் பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தொடர்ந்து சங்கீத வித்வான் பட்டமும் பெற்றார். திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் குருகுல முறையில் பயின்று குரலைச் செம்மைப்படுத்திக்கொண்டார். பின்னாளில் மூன்று ஸ்தாயியிலும் அவர் குரல் தடையின்றிச் சென்று வந்ததற்கு இந்த உழைப்பே அடித்தளம்.

படமும் பக்தியும்

கல்கியின் கதையை ஒட்டி 1954இல் வெளியான பொன்வயல் படம் அவரைப் பின்னணிப் பாடகராக அடையாளம் காட்டியது. அதன் பிறகு அவர் தொடாத வகை இல்லை. சந்திரோதயம் (1966) படத்தில் எம்.ஜி.ஆருக்கு டி.எம்.எஸ். பாட, நாகேஷுக்குக் குரல் கொடுத்து நையாண்டியில் கலக்கினார். கர்ணன் (1964) படத்தில் அம்பு பட்டுச் சாய்ந்து கிடக்கும் கர்ணனைப் பார்த்துக் கண்ணன் பாடும் பாட்டு அவருடையது. கண்ணதாசன் வரிகளும் விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையும் அந்தக் குரலோடு சேர்ந்தபோது கொட்டகைகளில் கண் கலங்காதவர் இல்லை.

கந்தன் கருணை (1967) படத்தில் ஆறுபடை வீடுகளையும் ஒரே பாட்டில் வலம் வர வைத்தார். தமிழகத்துக்குப் போய் வர வசதியில்லாத நம் தோட்டத்து மக்கள் பலருக்கு அந்த ஒரு பாட்டே ஆறுபடை யாத்திரை. ஏ.பி.நாகராஜன் இயக்கிய அகத்தியர் (1972) படத்தில் அகத்திய முனிவராகவே நடித்தார். குள்ளமான உருவம், நெற்றி நிறைய விபூதி, நடுவே குங்குமம் என்று முனிவர் வேடம் அவருக்கு அப்படியே பொருந்தியது. ராவணனோடு நடக்கும் இசைப்போட்டிக் காட்சி இன்றும் பேசப்படுகிறது.

படத்துக்கு வெளியே அவர் விட்டுச் சென்ற சொத்து இன்னும் பெரியது. சீர்காழிக்குப் பக்கத்திலுள்ள திருக்கடையூரில் பிறந்த அபிராமி அந்தாதி, இன்று வீடுகளில் ஒலிப்பதற்கு அவருடைய பதிவு பெரிய காரணம். உளுந்தூர்பேட்டை சண்முகத்தின் வரிகளுக்கு டி.ஆர்.பாப்பா இசையமைத்த அம்மன் பாடலை அவர் பாடியபோது, அம்மன் நம் வீட்டுப் பெண் குழந்தையாகவே தெரிந்தாள். இலக்கணம் படிக்காதவரும் அவர் பாட்டைக் கேட்டே லகர, ளகர, ழகர வேறுபாட்டைப் பழகிக்கொள்ளலாம். அத்தனை சுத்தமான உச்சரிப்பு.

1983இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. சங்கீத நாடக அகாடமி விருது, இசைப்பேரறிஞர் பட்டம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதிப்புறு முனைவர் பட்டம் என்று சிறப்புகள் தேடி வந்தன. ஆனால் ஆயுள் நீளவில்லை. 1988ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், 55 வயதிலேயே அவர் காலமானார்.

மகன் ஏற்ற சுமை

கோவிந்தராஜன் தம் மகனுக்குத் தம் தந்தையின் பெயரையே சூட்டியிருந்தார். தாத்தாவின் பெயரையும் அப்பாவின் இசையையும் பெற்ற சிவசிதம்பரம் படித்தது மருத்துவம். கையில் நல்ல தொழில் இருந்தது. தந்தையின் மேடையில் உடன் பாடிப் பழகிய அனுபவமும் இருந்தது. தந்தை போன பிறகு மருத்துவத்தோடு நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இரண்டையும் சேர்த்தே சுமந்தார்.

புகழ்பெற்ற பாடகரின் பிள்ளை அதே பாட்டைப் பாடுவது எளிய காரியமல்ல. அப்பா மாதிரியே பாடினால் வெறும் நகல் என்பார்கள். கொஞ்சம் மாற்றிப் பாடினால் பாட்டைக் கெடுத்துவிட்டார் என்பார்கள். இது தமிழுக்கு மட்டும் உள்ள சோதனையுமல்ல. ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லி 1981இல் 36 வயதில் மறைந்த பிறகு, அவர் பாடல்களைப் பாடிவரும் பிள்ளைகளான ஸிகி, டேமியன் ஆகியோரையும் ரசிகர்கள் அப்பாவோடு ஒப்பிட்டுத்தான் கேட்கிறார்கள்.

சிவசிதம்பரம் தந்தையின் பாட்டமைப்பை மாற்றுவதில்லை. சொல் சுத்தத்தையும் விடுவதில்லை. கர்நாடக இசைக் கச்சேரிகளில் தமக்கென்று ஓர் இடத்தையும் தேடிக்கொண்டார். தந்தையைப் போலவே அவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர் மேடையேறினால் ரசிகர்கள் கேட்பது அப்பாவின் பாடல்களை. அவரும் சலிக்காமல் பாடுகிறார். பழைய ஒலிநாடா ஒருநாள் அறுந்துபோகும். கேட்டவுடன் எதிரே உட்கார்ந்து பாட ஓர் ஆள் இருக்கும் வரை அந்தப் பாட்டுக்கு வயதாவதில்லை.

தந்தைக்கே உபதேசம் செய்ததால் முருகனுக்குத் தகப்பன்சாமி என்று பெயர். மறைந்த தந்தைக்கு மகன் செய்யக்கூடியது, அவர் பாட்டை அடுத்த தலைமுறையின் காதில் போடுவது. சிவசிதம்பரம் செய்து வருவது அதைத்தான்.

நாம் செய்ய வேண்டியது

தைப்பூசம் வந்தால் தண்ணீர்ப் பந்தல்களில் என்ன பாட்டு போடுவது என்ற பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. குத்துப்பாட்டு வேண்டாம் என்று இளைஞர்களைக் கண்டிப்பதோடு பல பெரியவர்கள் நின்றுவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக எந்தப் பாட்டைப் போடலாம், அதைப் பாடியவர் யார், அதில் என்ன அழகு இருக்கிறது என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் குறைவு. சொல்லிக்கொடுக்காத ஒன்றைப் பிள்ளைகள் மறந்துவிட்டார்கள் என்று நாம் குறைப்பட முடியாது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடியேறிவிட்டார்கள். கோயிலை எடுத்துக்கொண்டு வர முடியாதவர்கள்கூட பாட்டை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் பாட்டில் பாதி சீர்காழியாருடையது. கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிகளும் பக்திப் பாடல் போட்டி நடத்தும்போது, பாட்டின் பெயரோடு அதைப் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களையும் மாணவர்கள் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி வைக்கலாம். அதற்குக் காசு செலவில்லை.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது கைப்பேசியில் அந்தப் பாட்டு ஒலித்தால், பாடுபவர் இசைமணி சீர்காழி கோவிந்தராஜன் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். அவருடைய மகன் இன்னும் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.